கம்பியைப் பிடித்த கை

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் முதியோர் இல்லத்தில் யாராவது ஒருவர் விழுந்துகொண்டே இருந்தார்கள். குளியலறையில் ஒருவர், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒருவர், விடியல் தொழுகைக்கு எழுந்த அவசரத்தில் ஒருவர். அலெக்ஸாந்திரியாவில் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கட்டடம். மழை பிடித்துவிட்டால் சுவரெல்லாம் வியர்க்கும், தரை வழுக்கும். விழுந்தவர்களில் சிலர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. பிள்ளைகள் வந்து அலுவலகத்தில் சத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நிர்வாகம் பிசியோதெரபி டாக்டர் நிஹாலை வேலைக்கு வைத்தது. நான் அப்போது முதல் மாடிக்குப் பொறுப்பான நர்ஸ்.

நிஹால் வந்ததும் முதலில் கை வைத்தது கம்பளங்களில். ஒவ்வொருவரும் வீட்டைக் காலி செய்துவிட்டு வரும்போது மறக்காமல் கொண்டுவந்தது அதைத்தான். சிலருக்கு அது கல்யாணச் சீர். ஓரம் சுருண்டு, கால் தடுக்கி, பாதிப் பேர் விழுந்ததே அந்தக் கம்பளங்களில்தான் என்று நிஹால் சொன்னாள். சுருட்டிப் பரணில் ஏற்றினோம். மாடியே அழுதது. குளிரில் வெறுந்தரையில் கால் வைக்கச் சொல்கிறாளே, இவளுக்கு அம்மா அப்பா கிடையாதா என்று என்னிடம் கேட்டார்கள். அடுத்து, பின்பக்கம் திறந்த செருப்புகள் போயின. கழிப்பறைச் சுவர்களில் பிடிகள் வந்தன. இருட்டு மூலைகளுக்கு விளக்கு வந்தது. இல்லத்து மருத்துவர் வந்து தூக்க மாத்திரைகளைக் குறைத்தார், அதற்கும் ஒரு சண்டை. எல்லாவற்றுக்கும் மேல், காலைச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வகுப்பு: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, உட்காருவது, குதிகாலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது.

வகுப்பின் வாசலில் தினமும் ஒருவர் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார். அவர்தான் ஹில்மி. டிராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிராம்காரர்களை ஊர் அழைக்கிற மாதிரி நாங்களும் அவரை உஸ்தா என்றுதான் அழைப்போம். வயது எண்பதை நெருங்கியிருந்தும் ஆள் நெட்டையாக, முதுகு வளையாமல், மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நிற்பார். மனைவி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. தனியாக இருக்கிற மனிதருக்குப் பேச ஆள் வேண்டுமென்று தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

"டாக்டரம்மா, நாப்பது வருஷம் ஓடுற டிராம்ல ஒரு கையில டிக்கெட், ஒரு கையில சில்லறைன்னு நின்னவன் நான். கம்பியத் தொட்டதே இல்ல. தரை ஓடுனப்பவே விழல. இப்ப தரை சும்மாதானே கெடக்குது?"

கூடமே சிரிக்கும். நிஹாலும் சிரித்துவிடுவாள்.

ஒருநாள் அவள் விடவில்லை. ஒற்றைக் காலில் நின்று காட்டுங்கள் என்றாள். உஸ்தா ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. கதவு நிலையில் கை போய் ஊன்றியது. உடனே அதே கையால் மணி அடிப்பதுபோல் நிலையைத் தட்டி, "ஸ்டாப்பிங் வந்திருச்சு, எறங்குறவங்க எறங்கலாம்" என்றார். அந்தச் சிரிப்பில் சோதனை அத்தோடு போயிற்று.

மதாம் பஹீகா எங்களிடம் வந்தது அடுத்து வந்த இலையுதிர்காலத்தில். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். குரல் மட்டும் இன்னும் முப்பது வயதுக்காரி போல இருக்கும். வீட்டுக் குளியலறையில் விழுந்து, ஒரு பகல் முழுக்கத் தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் பயம் உடம்புக்குள் இறங்கிவிட்டது. வாக்கரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தண்ணீருக்குள் நடப்பது போல நடப்பார். அந்தப் பயமே ஆளைத் தள்ளிவிடும் என்பாள் நிஹால். உடம்பை விறைத்துக்கொண்டு நடக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தடுமாறினாலும் சமாளிக்க வராதாம். அதனால் அவருக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கி, சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பழக்கினாள். மெல்ல மெல்லத் தேறினார். வாக்கரை விடுவதற்கு இன்னும் சில மாதம் ஆகும், அவசரமில்லை என்று நிஹால் சொல்லியிருந்தாள்.

உஸ்தாவுக்கு அந்த வாக்கரைக் கண்டாலே ஆகாது. தகரக் கேட் என்று அதற்குப் பேர் வைத்தார். இப்படியொரு பெண்மணி கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை மிஸ், என்று என்னிடம் சொன்னார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போது மதாமின் அறை வாசலில் போய் நின்று வலது கையை மடக்கி நீட்டினார். மதாம் பஹீகா அந்தக் கையைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. பிறகு வாக்கரை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தாழ்வாரத்தில் இருவரும் வருவார்கள். உஸ்தா எதையாவது சொல்லிக்கொண்டே வருவார். மதாம் தரையைப் பார்க்க மறந்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவார். தலைக்குச் சாயம் பூசச் சொல்லி என்னைக் கேட்டார். மொலொகேயா கீரை வைத்த நாளில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகன் ஷெரீஃப் தமன்ஹூரில் இன்ஜினியர். வெள்ளிக்கிழமை வந்தவன் அம்மாவைப் பார்த்துவிட்டு, இது எங்க அம்மாதானா என்று என்னிடம் கேட்டான்.

நிஹாலுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. உஸ்தாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். மதாம் நன்றாக நடக்கிறார் என்றால் சந்தோஷம், கூடவே போங்கள், பேசுங்கள், ஆனால் கையில் வாக்கர் இருக்கட்டும், நீங்கள் தடுமாறினால் இரண்டு பேரும் விழுவீர்கள் என்றாள். உஸ்தா நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்து, உத்தரவு டாக்டரம்மா என்றார். மறுநாளும் கையை நீட்டினார். மதாமிடம் நிஹால் சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது.

"மகளே, அந்தத் தகரத்தப் புடிச்சா நான் கெழவி. அவரு கையப் புடிச்சா நான் மனுஷி. எதப் புடிக்கச் சொல்ற?"

நிஹால் எழுந்து போய்விட்டாள்.

ஷம்முன்னஸீம் வந்தது. வசந்தம் பிறக்கிற நாள். ஊரே புல்வெளியில் உட்கார்ந்து உப்புக் கருவாடும் வெங்காயத்தாளும் சாப்பிடுகிற நாள். எங்கள் தோட்டத்திலும் மேசை போட்டு, சாயம் பூசிய முட்டைகளைத் தட்டுகளில் அடுக்கியிருந்தோம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். முன் வராந்தாவிலிருந்து தோட்டத்துக்கு இறங்கச் சில கல் படிகள். ஒரு பக்கம்தான் கைப்பிடிக் கம்பி. மறுபக்கமும் போட வேண்டும் என்று நிஹால் சொல்லி, பண்டிகை கழியட்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. வாக்கரும் சக்கர நாற்காலியும் போகிற சரிவுப் பாதை பின்னால் சமையலறை வழியாகச் சுற்றிப் போகும். அன்றைக்கு அங்கே கருவாடு கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மதாம் பஹீகா நீல உடுப்பு உடுத்தி, தலை அலங்கரித்து, கழுத்தில் முத்துமாலை போட்டிருந்தார். அந்தக் கோலத்தில் குப்பைக்கூடைகளைத் தாண்டிப் போய் எல்லார் முன்னாலும் நிற்க அவருக்கு மனமில்லை. உஸ்தா காலையிலிருந்து வராந்தா வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாவிதரிடம் மீசையைத் திருத்திக்கொண்டிருந்தார். பழைய சீருடைக் காலணியை எடுத்துக் கண்ணாடி போலத் தேய்த்துப் போட்டிருந்தார். மதாம் லிஃப்டில் இறங்கி, சுவரைப் பிடித்தபடி வராந்தாவுக்கு வந்ததும் சட்டென்று எழுந்து வந்து கையை நீட்டினார். வாக்கர் மேலே அறையிலேயே இருந்தது.

நான் கீழே மேசையருகில் தட்டுகளோடு நின்றேன். அவர்கள் வராந்தா விளிம்புக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தார்கள், அதை மறைக்க முடியாது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். எப்போதும் போல மதாம் அவருடைய வலது கையைப் பிடித்திருந்தார். கம்பி இடது பக்கம். அதாவது கம்பி உஸ்தாவின் பக்கம் இருந்தது. மதாமின் பக்கம் வெறும் காற்று. உஸ்தா கம்பியைத் தொடாமல், நிமிர்ந்து, முதல் படியில் இறங்கினார். இரண்டாவது படியில் அவர் முகம் வெளுத்தது. கண்ணை இறுக மூடித் திறந்தார். உடம்பு முன்னால் ஆடியது.

அடுத்த கணம் அவருடைய இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

மதாம் பஹீகா பக்கவாட்டில் கல்லின் மேல் விழுந்தார். பெரிய சத்தம் இல்லை. மாலை அறுந்து முத்துக்கள் படியில் உருண்ட சத்தம்தான் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அதற்கு மேல் பார்க்கத் தேவையிருக்கவில்லை. உஸ்தா அதே படியில், கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மதாமின் பக்கமே அவர் பார்க்கவில்லை. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றைக் கம்பியிலிருந்து பிரித்தெடுக்க எங்களுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நிர்வாகம் ஷெரீஃபிடம் உங்கள் அம்மா வாக்கரை அறையில் விட்டுவிட்டு வந்து வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொன்னது. அது முழுப் பொய்யில்லை. உஸ்தாவுக்கு அது போதவில்லை. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்ஸியில் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு பழகிய இத்தனை காலத்தில் அவர் பேசாமல் வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஷெரீஃப் எதிரே வந்ததும், அம்மா வழுக்கி விழவில்லை, என் கையைப் பிடித்திருந்தார், நான் விட்டுவிட்டேன் என்றார். ஷெரீஃப் நல்ல பிள்ளை. அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, எழுதி வைத்ததுதான் நடக்கும் ஐயா, நீங்களும் விழாமல் இருந்தீர்களே, அதுவே போதும் என்று சொன்னான். உஸ்தாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வந்த மறுநாள் வகுப்பு முடிந்த பிறகு நிஹாலிடம் போனார். நான் மருந்து வண்டியோடு அந்தப் பக்கம் இருந்தேன்.

"டாக்டரம்மா, இப்ப பாருங்க. ஒழுங்கா நிக்கிறேன். சிரிக்க வெக்க மாட்டேன்."

ஒற்றைக் காலில் நின்றார். நிற்க முடியவில்லை. இரண்டு காலையும் ஒன்றன்முன் ஒன்று வைத்து நிற்கச் சொன்னாள், அதுவும் முடியவில்லை. படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தாள், எழுந்து நிற்க வைத்து மறுபடி பார்த்தாள். எழுந்ததும் அது சரசரவென்று இறங்கியது. இரத்த அழுத்த மாத்திரையினால் வருவது, பல பேருக்கு உண்டு. உட்கார்ந்து எழும்போது நிதானிக்காவிட்டால் கண் இருட்டும். அன்று வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்து சட்டென்று எழுந்து வந்தது ஞாபகம் வந்தது எங்கள் மூவருக்கும். இப்படி இதற்கு முன் இருட்டியதுண்டா என்று நிஹால் கேட்டாள். அடிக்கடி உண்டு என்றார் அவர். யாரிடமும் சொன்னதில்லையாம்.

நிஹால் கருவியைச் சுருட்டிக்கொண்டே, "இத நான் அன்னைக்கே பாத்திருக்கணும் உஸ்தா. நீங்க சிரிக்க வெச்சீங்க, நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்ச தொழிலே அது ஒண்ணுதான் மகளே" என்றார் உஸ்தா.

மறுநாளிலிருந்து வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். எழுந்தார், உட்கார்ந்தார், குதிகாலைத் தூக்கினார். வாசலில் வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் போனதும் வகுப்பு களையிழந்துவிட்டது. வருகிற கூட்டமும் கொஞ்சம் குறைந்தது. அதுவும் ஒரு நஷ்டம்தான்.

கோடை வந்த பிறகு மதாம் பஹீகா சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் எழுப்பி நிறுத்தினாலே உடம்பு முழுக்க நடுங்கியது. நிஹால் என்ன சொல்லியும், என்னை உட்கார வைத்துவிடு என்பதுதான் பதில்.

உஸ்தா தினமும் சாயங்காலம் புதினா போட்ட தேநீரோடு அவர் அறைக்குப் போவார். வெளியே இருந்து பார்த்தால் பழைய மாதிரிதான் தெரியும். மதாம் அவரை விசாரிப்பார். அவர் உடம்பைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிப் பதில் சொல்வார். என்னால்தான் என்று அவர் தொடங்கும்போதெல்லாம், நான் வழுக்கிவிட்டேன் உஸ்தா, அதை விடுங்கள் என்பார் மதாம். அந்த அறையில் இரண்டு பேரும் மிக மரியாதையாக இருந்தார்கள். அந்த மரியாதையைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மதாமின் காலுக்கு நான் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது உஸ்தா தேநீரோடு வந்தார். வழக்கம்போல அவர் ஆரம்பிக்க, மதாம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உஸ்தா, நான் வழுக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கையை விட்டீங்க. விட்டுட்டு ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சீங்க. நான் விழுறப்ப அதப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன். இத்தன மாசமா பாக்காத மாதிரி இருந்து பாத்தேன். முடியல."

"ஆமா" என்றார் உஸ்தா.

"உங்களத் திட்டல. நானா இருந்தாலும் அதத்தான் புடிச்சிருப்பேன். கை தானா போறது. அது எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு தடவ இவங்க என்னை எழுப்பி நிறுத்தறப்பவும் எனக்கு அந்தக் கைதான் தெரியுது. அதுல என் கை இல்ல."

உஸ்தா தன் கைகளைப் பார்த்தபடி, "நான் ஒருக்காலும் கம்பியப் புடிச்சதில்ல மதாம்" என்றார். தற்பெருமையாகச் சொல்லவில்லை. தனக்கே விளங்காத ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

"தெரியும். தெனமும் சொல்லுவீங்களே" என்றார் மதாம். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

அதன் பிறகு தேநீர் நின்றுபோயிற்று. கோபமில்லை, கூடத்தில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். ஆச்சரியமாக, அந்த வாரமே மதாம் வகுப்புக்கு வர ஆரம்பித்தார். மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டதாலோ என்னவோ, நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. சுவரோரக் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்ளும் அளவுக்குத் தேறினார். அதற்கு மேல் போகவில்லை. போன மாதங்கள் போனவைதான். அந்த வயதில் கால் படுத்துவிட்டால் பாதிதான் திரும்பி வரும் என்று நிஹால் சொன்னாள். தாழ்வாரத்தில் அவர் நடந்து நான் பிறகு பார்க்கவில்லை.

மழை மறுபடி தொடங்குவதற்குள் ஷெரீஃப் வந்து அம்மாவைத் தமன்ஹூருக்கு அழைத்துப் போனான். வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு அறையைத் தயார் செய்திருந்தானாம். கிளம்புகிற அன்று எல்லாரும் வாசலுக்கு வந்தோம். உஸ்தாவும் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். வண்டிக் கண்ணாடி வழியாக மதாம் யாரையோ தேடியது போல எனக்குத் தோன்றியது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் உஸ்தா உள்ளே போய்விட்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் எங்களுக்கு நல்லபடியாகப் போயிற்று. படியின் இரண்டு பக்கமும் கம்பி வந்துவிட்டது. விழுந்தவர்கள் வெகு சிலர். அவர்களுக்கும் பெரிய அடி இல்லை. நிர்வாகம் மகிழ்ந்து நிஹாலுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தியது. பஸ்பூசா என்கிற ரவை இனிப்பு கொடுத்தார்கள். அவள் தன் பங்கைத் தொடவில்லை.

ஷெரீஃப் அவ்வப்போது போன் செய்வான். அம்மா உஸ்தாவைக் கேட்டதாகச் சொல்வான். நான் வந்து சொல்வேன். தமன்ஹூர் என்ன பெரிய தூரமா, ஒரு வெள்ளிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று பலதடவை கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் சொல்வார். கடைசியாகக் கேட்டபோதுதான் காரணம் எதுவும் சொல்லாமல் உண்மையைச் சொன்னார்.

"வேணாம் மிஸ். நான் போய் வாசல்ல நின்னா, அவங்க மரியாதைக்கு எந்திரிக்கப் பாப்பாங்க. அவங்க அப்படித்தான், யாரு வந்தாலும் எந்திரிப்பாங்க. முடியாம மறுபடி உக்காருவாங்க. அதுக்கா நான் போகணும்?"

அவர் போகவே இல்லை. அடுத்த வசந்தத்துக்கு முன்னால் மதாம் பஹீகா காலமாகிவிட்டார், நெஞ்சுச் சளியில். ஷெரீஃப் எனக்குத்தான் முதலில் சொன்னான். நான் போய் உஸ்தாவிடம் சொன்னபோது அவர் கட்டிலில் படுத்திருந்தார். கேட்டுவிட்டு, நிஹால் பழக்கியபடியே ஒரு பக்கம் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மெதுவாக எழுந்து நின்றார். எதற்காக எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. நின்றபடியே என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.